‘கார்காலத்தில குளம் வத்திக் கிடக்குதே, ரீச்சர்?’ – வாசகர் கேள்வி பதில்

வகுப்பில் மற்றவர்களை முந்தி ஓடும் பிள்ளைகளுக்கு இலக்கியத்தை எப்படிப் படிப்பிப்பது என்று வன்னியின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ‘காலம்’ என்ற ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியும் என்பதால் அவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தரம் 9 இல் 34 பிள்ளைகள். ஐந்து பேர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு மற்றவர்களைக் குழப்புகிறார்கள். கூடுதல் பயிற்சி கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெருங்கருத்தைச் சுற்றி இலக்கியம் படிப்பிக்கலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். எங்கே தொடங்குவது?
– தமிழ் ஆசிரியை, மல்லாவி

பதில்: அந்த முகச்சுளிப்பில் நியாயம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பத்து வினா முடிந்ததும் இன்னும் பத்து வினா கொடுப்பது, வேகமாக வெட்டியவனுக்கு இன்னொரு வரம்பைக் காட்டுவது போன்றது. அவர்களுக்குத் தேவை ஆழம். ஐந்தே அடியுள்ள ஒரு பாட்டில் இரண்டு பாடவேளை நிற்க வைத்தால் அவர்கள் குழப்பமாட்டார்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட முறை, அமெரிக்காவில் வில்லியம் அன்ட் மேரி கல்லூரியில் ஜோய்ஸ் வன்ரசல்-பாஸ்காவும் அவரோடு இருந்தவர்களும் மீத்திறன் மாணவருக்காக ஆக்கியது. வயதுக்குச் சற்று மேலான பாடப்பொருள், சிந்தித்து ஆக்கும் பழக்கம், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு பெருங்கருத்து என்று அதில் மூன்று புரிகள் உண்டு. அவர்களுடைய மொழிப்பாட அலகுகள் ‘மாற்றம்’ என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டன. நாம் ‘காலம்’ என்பதைப் பிடிக்கலாம். தமிழில் அதற்கு ஏற்கெனவே அத்திவாரம் போட்டிருக்கிறது. நிலமும் பொழுதுமே பாட்டின் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். பாட்டுக்குள் ஆள் வருவதற்கு முன்னரே காலம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதல் பாடத்தை 34 பேருக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஐந்து பேரைத் தனியே பிரித்தால் வகுப்பு அவர்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும். கல்வியியலாளர் ஹில்டா தாபா வகுத்த கருத்துருவாக்க முறை ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும். குழுவுக்கு ஐந்தாறு பேர், ஒரு டிமைத்தாள், ஒரு மாக்கர் பேனை. முதல் 8 நிமிடத்தில் ‘காலம்’ என்றதும் மனதில் வருவதை எல்லாம் எழுதட்டும். குழுவுக்கு 25க்குக் குறையக் கூடாது. அடுத்த 12 நிமிடம் அவற்றை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும். எதையும் வெளியே விடக்கூடாது; ஒன்று இரண்டு வகையில் வந்தால் இரண்டிலும் எழுதலாம். பிறகு 8 நிமிடம், காலம் அல்லாதது எது என்ற கேள்வி. ஒருவர் ‘கல்’ என்பார், இன்னொருவர் ‘கல்லும் தேயுமே’ என்பார், மூன்றாமவர் ‘ஏழு என்ற எண் தேயுமா?’ என்பார். உங்கள் ஐந்து பேரும் விழித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மீதி 12 நிமிடத்தில், எங்கும் பொருந்தக்கூடிய மூன்று பொதுமுடிவுகளைக் காலத்தைப் பற்றி எழுதட்டும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. பட்டியல் மணிக்கூடு, கலண்டர், பள்ளிக்கூட மணி என்பதோடு நின்றுவிடும். அப்போது ‘வயலில? குளத்தில? அம்மம்மாவின்ர கதையில?’ என்று மட்டும் கேளுங்கள். குடலைப் பருவம், அருவி வெட்டு, ‘போன மாரி’, ‘இடம்பெயர முந்தி’ எல்லாம் வரும். இரண்டாவது, வகைகளுக்கு ஆசிரியரே பெயர் வைத்துவிடுவது. பொறுக்க முடியாமல் நாம் செய்கிற பிழை இது. செய்தால் பாடம் அதோடு முடிந்தது. மூன்றாவது, பொதுமுடிவு கேட்ட இடத்தில் ‘காலம் பொன் போன்றது’ என்று பழமொழி எழுதுவது. ஒரு பாட்டை வைத்து ‘சரி’ என்றோ ‘இல்லை’ என்றோ சோதிக்கக் கூடியதுதான் பொதுமுடிவு. ‘காத்திருப்பவருக்குக் காலம் நீளும்’, ‘காலம் போனது இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும்’, ‘ஒரே மாதம் எல்லா நிலத்திலும் ஒரே பருவம் அல்ல’ போன்றவை சோதிக்கத் தகுந்தவை.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டித் தவணை முழுக்க வைத்திருங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அது எந்த முடிவைத் தாங்குகிறது, எதை உடைக்கிறது என்று வேறு நிறப் பேனையால் திருத்தட்டும். பழையதைக் கிழிக்க விடாதீர்கள். தங்கள் எண்ணம் மாறிய தடத்தையே பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

கேள்வி: முல்லைக்குக் கார்காலம், அது ஆவணியும் புரட்டாசியும் என்று கரும்பலகையில் எழுதினேன். ‘அப்ப எங்கட குளம் வத்திக் கிடக்குமே, ரீச்சர்? மழை எங்க?’ என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்வது?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் அந்தப் பிள்ளையிடம் ‘சரியான கேள்வி’ என்று சொல்லுங்கள். கரும்பலகையில் இருந்ததைக் குளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான்.

ஆவணி பிறப்பது ஓகஸ்ட் நடுவில். புரட்டாசி முடிவது ஒக்டோபர் நடுவில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் மழையைக் கொட்டும். இலங்கையில் அதே காற்று மத்திய மலைநாட்டின் தென்மேற்குச் சரிவில் மழையைப் போட்டுவிட்டு, வன்னிக்கு மழையில்லாத வெறும் சோளகக் காற்றாக வந்து சேர்கிறது. நமக்கு மழை ஐப்பசி இடியோடு தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு பெய்கிறது. ஆகவே ‘கார்’ என்று எழுதியிருக்கும் மாதங்களில் நம் குளத்துக்குள் மாடு மேயும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். தொல்காப்பியத்தில் இருப்பது ‘காரும் மாலையும் முல்லை’ என்ற அளவுதான். இன்ன பருவத்துக்கு இன்ன இரண்டு மாதம் என்று பங்கு பிரித்தவர்கள் உரையாசிரியர்கள். பாட்டுகளில் பருவத்தைக் காட்டுவது முகில், இடி, முல்லை, கொன்றை, பிடவு. ஆகவே பிள்ளைகள் தேட வேண்டியது அடையாளத்தை.

இதற்கு ஒரு சக்கரம் செய்யலாம். டிமைத்தாளில் ஒரே மையத்தில் 40, 30, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூன்று வட்டம் வரைந்து, 30 பாகை வீதம் 12 பங்காகப் பிரித்துச் சித்திரையிலிருந்து மாதங்களை எழுதுங்கள். வெளி வளையத்தில் நூல் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகள்: கார் ஆவணியில் தொடங்கும், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாகச் சுற்றிவரும். நடு வளையத்தில் வன்னியின் காற்று, குள நீர்மட்டம், காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்போகங்கள். உள்வட்டத்தை வெறுமையாக விடுங்கள்; படிக்கும் ஒவ்வொரு பாட்டின் அடையாளமும் அதில் ஏறும். வளையங்கள் ஒத்துவராத இடத்தில் சிவப்புப் பேனை. வழக்கமாக வரும் பிழை, தைமாதத்தையும் ஜனவரியையும் ஒரே கோட்டில் தொடங்குவது. தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பதால் ஆங்கில மாதக் கோடுகளை அரைப்பங்கு, அதாவது 15 பாகை, தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் விதைப்பு அரை மாதம் பிழைத்து நிற்கும்.

சக்கரம் சுவருக்கு வந்த பிறகு குறுந்தொகையில் 66ஆம் பாட்டையும் 21ஆம் பாட்டையும் அருகருகே கொடுங்கள். முதலாவதில், கொன்றை பூத்ததைக் கண்டு தலைவி கலங்க, ‘அது மடத்தனமான மரம்; வம்ப மாரியைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது’ என்கிறாள் தோழி. இரண்டாவதில், கொன்றை பூத்த காடே கார் என்று சொன்னாலும் தலைவி நம்பமாட்டாள்: ‘யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே.’ சான்று ஒன்றுதான். ஒருத்தி சான்றைப் பிழை என்கிறாள். மற்றவள் சான்றைவிட ஒரு மனிதனின் சொல்லை நம்புகிறாள். தோழி உண்மையிலேயே அப்படி நினைக்கிறாளா, தலைவியைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளா? பாட்டின் சொல்லைத் தொட்டுக் காட்டி வாதாடச் சொல்லுங்கள். முடிவை நீங்கள் சொல்ல வேண்டாம்.

வம்ப மாரி என்றால் பருவம் தப்பிய மழை. வன்னிப் பிள்ளைக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. புரட்டாசியில் ஒரு மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்து, முளை வந்த பிறகு மழை ஓடிப்போனால் வயலுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். மானாவாரிக் காணியுள்ள வீட்டுப் பிள்ளை கொன்றைக்காகவும் பேசும். இங்கே சரக்கொன்றை சித்திரை, வைகாசியில் பூத்துக் குலுங்குவதைக் கண்ட பிள்ளை அடுத்த கேள்வியோடு வரும். அதையும் சிவப்புப் பேனையால் சக்கரத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: நன்னூலின் காலவழுவமைதியை வரைவிலக்கணமாகப் பாடமாக்குகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: நிறைய இருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணத்தால் மூன்று காலமும் இடம் மாறி வரலாம் என்கிறது நன்னூல். ஒரு கொப்பியில் ஐந்து நிரல் போடுங்கள். நான்கு அந்தக் காரணங்களுக்கு. ஐந்தாவது எதிலும் சேராதவற்றுக்கு. ஒரு கிழமைக்குள் காதில் விழும் 20 பேச்சுகளைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல்.

தார் வீதியில் நெல் காய்கிறது. முகில் கறுத்ததும் ‘மழை வந்திட்டுது, நெல்லை அள்ளுங்கோ!’ என்று குரல் கேட்கிறது. ஒரு துளியும் விழவில்லை, வினை இறந்தகாலம். இது விரைவு. ‘முந்தி நாங்கள் இந்தக் குளத்திலதான் குளிப்பம்’ என்கிறார் அம்மம்மா. நடந்து முடிந்ததற்கு எதிர்கால வினை. ‘யாம் பண்டு விளையாடுவது இக்கா’ என்று உரைகாரர் இயல்புக்குக் காட்டும் உதாரணம் இதே வாய்ப்பாடுதான். ‘இருட்டினாப் பிறகு அந்தப் பாதையால போனாய், ஆனை அடிச்சுது’ என்பது மிகுதியா, தெளிவா? பலமுறை நடந்ததால் சொல்வதா, கட்டாயம் நடக்கும் என்று சொல்வதா? இந்த எல்லையில் இரண்டு பக்கம் எழுத முடியும். ஐந்தாம் நிரல் நிரம்பத் தொடங்கினால் இலக்கண நூலோடு உரையாடும் இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

கேள்வி: யாமம், எற்பாடு, நாழிகை என்று சொல்கிறோம். பிள்ளைகளுக்கு அது வெறும் சொல். கையால் தொடக்கூடிய மாதிரி ஏதாவது செய்யலாமா?
– ஆசிரியர், மாங்குளம்

பதில்: கணக்கை முதலில் எழுதிவிடுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நாளுக்கு 60 நாழிகை. ஆறு சிறுபொழுதுக்கும் பத்துப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணித்தியாலம். மாலை 6 முதல் 10, யாமம் 10 முதல் 2, வைகறை 2 முதல் 6, காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2, எற்பாடு 2 முதல் 6.

பிறகு ஒரு நாழிகை வட்டில் செய்யுங்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுதளப்பவர்கள் ‘குறுநீர்க் கன்னல்’ பார்த்து நேரம் சொல்கிறார்கள். நீரால் நேரம் அளக்கும் கருவி அது. அதன் ஒரு வகையை வெறும் ரின்மீன் பேணியில் செய்யலாம். விளிம்பை அரத்தால் ராவி மழுக்குங்கள், கை வெட்டாமல். சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சின்னத் துளையில் நீர் தடக்கும். அடிப்பக்க நடுவில் ஆகச் சின்ன ஆணியால் ஒரு துளை, சுமார் ஒரு மில்லிமீற்றர். பேணி உயரமானது என்பதால் வெறுமையாக மிதக்க விட்டால் சாயும். உள்ளே நாலைந்து சிறு கற்களைச் சுற்றிவரப் பரப்பினால் நிமிர்ந்து நிற்கும். வாளி நீரைத் துணியால் வடித்து எடுங்கள். கிணற்று மணல் ஒன்று துளையில் சிக்கினாலும் கணக்குப் போய்விடும்.

மிதக்க விட்டதிலிருந்து தாழும் வரை கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். 24 நிமிடத்துக்கு முன்னரே தாழ்ந்தால் துளை பெரிது: மெழுகுதிரி உருக்கி அடைத்து ஊசியால் புதிதாகக் குத்துங்கள், அல்லது ஒரு கல்லை எடுங்கள். பிந்தினால் ஒரு கல்லைக் கூட்டுங்கள். பாரம் கூடினால் பேணி ஆழ மிதக்கும், நீர் வேகமாக ஏறும். மூன்று தடவையும் ஒரு நிமிட வித்தியாசத்துக்குள் வரும் வரை திருத்தலாம். இதை முதல் நாளே முடித்து வையுங்கள், பாடவேளைக்குள் செய்யப் பார்த்தால் பாட்டுக்கு நேரம் இராது.

பாடவேளையில் பேணியைத் திரைக்குப் பின்னால் மிதக்க விட்டு, மணிக்கூட்டை எடுத்துவிடுங்கள். பாதி வகுப்புக்குக் குறுந்தொகை 234ஐக் கொடுத்து வேலை செய்ய விடுங்கள். மற்றப் பாதி சும்மா இருக்கட்டும். பேணி தாழ்ந்ததும் எத்தனை நிமிடம் போனது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். இரண்டு பாதியினரின் சராசரியையும் பலகையில் போட்ட பிறகு அந்தப் பாட்டை எல்லோருக்கும் வாசியுங்கள். சூரியன் மறைந்து முல்லை மலரும் நேரத்தை மாலை என்பவர்கள் மயங்கியவர்கள். கோழி கூவும் விடியலும் மாலை, ‘பகலும் மாலை துணையி லோர்க்கே’ என்கிறது அது. நேரத்தை மணி வைத்துப் பிரித்த பலகையும், பிரிவை மறுக்கும் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விரைவான பிள்ளைகளுக்கு அடுத்த வேலை முல்லைப்பாட்டு, 103 அடி: அதே இரவு பாசறையில் எப்படி அளக்கப்படுகிறது, காத்திருப்பவளின் மனையில் எப்படி அளக்கப்படுகிறது?

கேள்வி: ‘அற்றைத் திங்கள்’ படிப்பித்தபோது ஒரு பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டாள். தகப்பன் இல்லாத பிள்ளை. இப்படியான பாட்டுகளை இனி விட்டுவிடவா?
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: விட வேண்டாம். ஆனால் படிப்பிக்கும் விதத்தை மாற்றுங்கள்.

பாட்டை முதல் நாளே எழுதிக் காட்டி, ‘நாளைக்கு இது, தகப்பனை இழந்த இரண்டு பெண்களின் பாட்டு’ என்று சொல்லிவிடுங்கள். திடீரென்று விழுவதுதான் கூடுதலாக நோகும். இன்னொரு பாட்டையும் வைத்துத் தெரிவு கொடுங்கள். ஏன் அதைத் தெரிந்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. ‘உன் வாழ்க்கையில் இப்படி நடந்ததா?’ என்ற வினா இந்தப் பாடத்தில் எந்த உருவத்திலும் வேண்டாம். பிள்ளை தானாக எழுதினால் வாங்கி வாசியுங்கள், புள்ளி போடாதீர்கள், வகுப்பில் வாசிக்கச் சொல்லாதீர்கள். வெளியே போகும் பிள்ளையோடு கூடப் போக ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதலே சொல்லி வைப்பதும் நல்லது.

வகுப்பில் பாட்டின் சொல்லோடு நில்லுங்கள். அந்த நிதானமே பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம். புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதலாம் அடியையும் மூன்றாம் அடியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, வேறுபடும் எழுத்துகளுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். அற்றை, இற்றை, அவ், இவ். சுட்டெழுத்து மட்டுந்தான் மாறியிருக்கிறது. நிலவு அதே நிலவு. திங்கள் என்றால் நிலவா, மாதமா? இரண்டும் பொருந்தும், இரண்டையும் வைத்து வாசித்துப் பார்க்கட்டும்.

அடுத்து வினைமுற்றுகள். உடையேம், இலம் இரண்டும் குறிப்பு வினைமுற்று. காலங்காட்டும் உறுப்பு கிடையாது. கொளார் எதிர்மறை, அதிலும் இல்லை. காலத்தை வெளிப்படையாகக் காட்டும் ஒரே வினைமுற்று ‘கொண்டார்’. பெண்களுக்கு உரிய வினைகளில் காலம் இல்லை. குன்றைப் பிடித்தவர்களின் வினையில் மட்டும் அது முடிந்துபோன காரியமாக நிற்கிறது. ‘எறிமுரசு’ வினைத்தொகை: எறிந்த முரசா, எறிகின்ற முரசா, இன்னும் எறியப்போகும் முரசா? மூன்றையும் பொருத்திப் பார்த்து, எது அதிகம் வருத்துகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: யுத்தம் எந்த அடியில் நடக்கிறது? இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையில், எழுதாத இடத்தில். முற்றுகையும் பாரியின் சாவும் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. கதையில் கால விடுபாடு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் துக்கத்தைச் சொல்ல வேண்டும் என்றில்லை என்று அறிவது, சொல்ல விரும்பாத பிள்ளைக்கும் ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: இப்படி எழுதுவதற்குப் புள்ளி எப்படிப் போடுவது?
– ஆசிரியர், துணுக்காய்

பதில்: 20 புள்ளியில் 8 பாட்டிலிருந்து எடுத்த சொற்சான்றுக்கு, 6 அந்தச் சொல்லிலிருந்து முடிவுக்குப் போன வழிக்கு, 4 தன் முடிவுக்கு எதிரான ஒரு சொல்லைத் தானே கண்டு பதில் சொன்னதற்கு, 2 மொழிச் செம்மைக்கு. நீளத்துக்குப் புள்ளி வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் அந்த நாலு புள்ளியைத்தான், தங்கள் முடிவில் அவ்வளவு நம்பிக்கை வைத்துவிடுவதால். முதல் இரண்டு தடவை அந்த நாலை ஆசிரியர் எதிர்க்கேள்வி எழுதிக் கொடுத்து மீட்கவிடலாம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணகி கதை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு தெரியும். சிலப்பதிகாரத்தோடு சேர்த்துத் தரம் 10, 11க்கு எப்படிப் பயன்படுத்தலாம்?
– ஆசிரியர், முள்ளியவளை

பதில்: முதலில் காகிதக் கீலங்கள். பன்னிரண்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனிக் கீலத்தில் எழுதுங்கள்: திருமணம், மாதவியின் அரங்கேற்றம், கானல்வரி, கண்ணகி தேவந்திக்குச் சொல்லும் கனவு, மதுரைக்குப் புறப்பாடு, கோவலன் மாடலனுக்குச் சொல்லும் கனவு, கொலை, வழக்குரைத்தல், மதுரை எரிதல், மதுராபதித் தெய்வம் சொல்லும் பழம்பிறப்புக் கதை, வேங்கை மரத்தடி, சேரன் எடுத்த கோயில். இடப்பக்கம் நூல் சொல்லும் வரிசையில் ஒட்டுங்கள். வலப்பக்கம் உண்மையில் நடந்திருக்கக்கூடிய வரிசை. இரண்டையும் நூலால் இணையுங்கள். குறுக்கே வெட்டிப் போகும் நூல்கள்தான் பாடம்.

9ஆம் காதையிலேயே கண்ணகியின் கனவில் முடிவு வந்துவிடுகிறது. பழம்பிறப்போ 23ஆம் காதையில், எல்லாம் எரிந்த பிறகு வருகிறது. வருங்காலத்தை முன்னுக்கும் இறந்தகாலத்தைப் பின்னுக்கும் வைத்தவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார். பழம்பிறப்புக் கதையை 1ஆம் காதைக்கு மாற்றினால் பாண்டியன் மேல் நமக்கு வரும் கோபம் என்ன ஆகும்? இதை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதினான்கு நாள் கணக்கையும் கவனிக்க வைக்கலாம். கோவலனின் முற்பிறப்பில், அவனால் கணவன் சங்கமனை இழந்த நீலி பதினான்கு நாள் அலைந்து சாபமிட்டு உயிர்விடுகிறாள். கண்ணகியும் பதினான்கு நாள் கழிந்துதான் கோவலனைக் காண்கிறாள். ஒரு காலம் இன்னொரு காலத்தின் அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. காலம் நேராக ஓடுகிறதா, சுற்றி வருகிறதா என்று முதல் பாடத்தில் எழுதிய பொதுமுடிவுத் தாளுக்கு இப்போது திரும்பிப் போகலாம்.

பிறகு வற்றாப்பளை. மதுரை எரிந்தது ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை என்று நூல் சொல்கிறது. அங்கிருந்து அவள் மேற்கே சேரநாடு போகிறாள். நம் ஐதீகத்தில் கடல் கடந்து இங்கே வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, வற்றாப்பளை ஆகிறது. கடல்நீரில் விளக்கெரியும் பொங்கல் வைகாசியில். எது சரி என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வகுப்பைச் சண்டைக்குள் தள்ளும், நம்பிக்கையையும் காயப்படுத்தும். ‘நூலில் கண்ணகிக்கு நேரம் எங்கே நிற்கிறது, பொங்கலில் எங்கே நிற்கிறது?’ என்று கேளுங்கள். நூலில் அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை. பொங்கலில் அவள் ஒவ்வொரு வைகாசியும் வருகிறாள். ஒரு தடவை நடந்ததை ஒரு தடவை சொல்வதும், ஆண்டுதோறும் நிகழ்த்துவதும் எப்படி வேறு என்று இரண்டு பாடவேளை பேசலாம். பொங்கலுக்குப் போகும் பிள்ளைகள் வயதானவர்களிடம் கதையைக் கேட்டு, அவர்கள் ‘வந்தா’ என்கிறார்களா, ‘வாறா’ என்கிறார்களா என்று வினையை மட்டும் குறித்து வரட்டும்.

கேள்வி: மகள் தரம் 6. பெரியவர்களின் நாவல்களை வாசிக்கிறாள். வகுப்பு அலுக்கிறது என்கிறாள். ரியூஷனில் போடவா?
– தாய், வவுனியா

பதில்: இலக்கியத்துக்கு ரியூஷன் வேண்டாம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் நீங்கள் அவளோடு இருந்தால் போதும். இணையத்தில் ‘நூலகம்’ தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் தேடி எடுக்கட்டும். வாசித்த ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நூல் துண்டு: கதையில் ஓடும் ஒரு வருடத்துக்கு 2 சென்ரிமீற்றர் என்று வெட்டி, எந்த வருடத்துக்கு எத்தனை பக்கம் செலவானது என்று அதில் முடிச்சுப் போட்டுக் குறிக்கட்டும். பத்து வருடம் ஒரு பந்தியில் ஓடியிருக்கும். ஒரு பின்னேரத்துக்கு நாற்பது பக்கம் போயிருக்கும். ஏன் என்று கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு ‘ஒருநாள் எழுநாள்போல் செல்லும்’ என்று தொடங்கும் குறளையும் (1269), ‘நாளென ஒன்றுபோற் காட்டி’ என்று தொடங்கும் குறளையும் (334) கொடுத்து, நாளைப் பற்றி இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டுவிட்டு விடுங்கள். அடுத்த கிழமை வரை பதிலைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.